நிஜக் கணினியில் ஃப்ரீடாஸ்: பூட் ஆகவில்லை, இன்ஸ்டால் ஆகவில்லை என்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் இலவச வடிவம் ஃப்ரீடாஸ். மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள் நிரலாக ஓடும் கணினியில், அதைப் போடுவது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதே ஃப்ரீடாஸை மேசைமேல் தூசி படிந்து நிற்கும் நிஜக் கணினியில் ஏற்றப் போகும்போதுதான் எனக்கு போன் வர ஆரம்பிக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பழைய விளையாட்டுகளை அந்தக் காலத்துக் கணினியிலேயே ஆடிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு வகை. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில் போடும் நிரலையோ, டாஸில் மட்டும் ஓடும் இயந்திரக் கட்டுப்பாட்டு நிரலையோ விட முடியாமல் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் சந்தேகம் என்னவோ ஒன்றேதான்.

கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கட்டளைகளையும் திரையில் வரும் செய்திகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. ஃப்ரீடாஸ்னா எம்எஸ்-டாஸ்தானா? இல்ல வேறயா?

வேறு. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸுக்கு இனி எதிர்காலம் இல்லை என்பது 1994இல் தெளிவாகத் தெரிந்தது. அப்போது அமெரிக்காவில் மாணவராக இருந்த ஜிம் ஹால், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு டாஸை எழுதப் போவதாக அந்த வருடம் ஜூன் 29ஆம் தேதி அறிவித்தார். பேட் வில்லானி எழுதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதற்கு அடித்தளம் ஆனது. 1.0 பதிப்பு வெளிவர 2006 ஆகிவிட்டது. 1.3 பதிப்பு 2022 பிப்ரவரியிலும், 1.4 பதிப்பு 2025 ஏப்ரலிலும் வந்தன. எம்எஸ்-டாஸில் ஓடிய நிரல்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும்.

எம்எஸ்-டாஸ் 6.22ஐயே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஃபேட்16 வரைதான் அதற்குத் தெரியும், ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி, 2 ஜிபிக்கு மேல் போகாது. மைக்ரோசாஃப்ட் 2024இல் 4.00 பதிப்பின் மூல நிரலைத் திறந்துவிட்டது உண்மைதான். 6.22ஐ அப்படித் திறக்கவில்லை.

2. போன வருஷம் வாங்கின லேப்டாப்புல ஓடுமா சார்?

பெரும்பாலும் ஓடாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. டாஸுக்குச் சொந்தமாகக் கை கால் கிடையாது. டிஸ்கைப் படிப்பது, விசையை வாங்குவது, திரையில் எழுத்தைப் போடுவது எல்லாவற்றுக்கும் மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரலைத்தான் கேட்கும். புதிய கணினிகளில் பயாஸ் இருந்த இடத்தில் யூஇஎஃப்ஐ உட்கார்ந்திருக்கிறது. அதற்கு டாஸ் பேசும் மொழி தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளராக சிஎஸ்எம் என்ற ஒரு பகுதி சில வருடங்கள் இருந்தது. 2020க்குள் அதைக் கைவிடப் போவதாக இன்டெல் 2017இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே முதல் வேலை, பயாஸ் அமைப்புக்குள் போய் 'சிஎஸ்எம்' அல்லது 'லெகசி பூட்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்கி, 'செக்யூர் பூட்'டை அணைத்துவிடுங்கள். அப்படி ஒன்றுமே இல்லை என்றால் இந்தப் பக்கத்தில் மேற்கொண்டு படிப்பதற்கு உங்களுக்கு எதுவும் இல்லை. அந்த லேப்டாப்பில் மெய்நிகர் கணினிதான் வழி.

3. 'டாஸ் லேப்டாப்'னு சொல்லித்தானே வித்தாங்க? அப்ப அதுல டாஸ் ஓடணும்ல?

இந்தியாவில் இணையக் கடைகளில் 'டாஸ்' என்று போட்டு விற்றதெல்லாம் விண்டோஸ் உரிமத்துக்கான காசைக் கழித்துவிட்டு விற்ற லேப்டாப்புகள். வெறுமையாக விற்கக் கூடாதே என்று பெயருக்கு ஒரு ஃப்ரீடாஸ். வாங்குபவர் அன்று மாலையே அதை அழித்துவிட்டு வேறு ஏதாவது போட்டுக்கொள்வார் என்பது விற்பவருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் வந்த சில மாடல்களில் டிஸ்கில் இருப்பது லினக்ஸ்; அது எழுந்ததும் உள்ளே ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்து அதில் ஃப்ரீடாஸைக் காட்டும். காரணம் மேலே சொன்னதுதான். அந்த லேப்டாப்பில் டாஸ் நேரடியாக எழவே முடியாது. ஆக, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

4. பூட் ஆகல, பூட் ஆகலன்னா நீங்க 'எங்க நின்னுச்சு?'ன்னு கேக்கறீங்க. அது எனக்கு எப்படித் தெரியும்?

திரையில் கடைசியாக என்ன வந்தது என்று பாருங்கள், அது சொல்லிவிடும். இது ஒரு தொடர் ஓட்டம். பயாஸ் எழுந்து, டிஸ்கின் முதல் செக்டரை நினைவகத்தில் ஏற்றும். 512 பைட் கொண்ட அந்த முதல் செக்டருக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் ஒரு குட்டி நிரலும் நான்கு பார்ட்டிஷன்களுக்கான பட்டியலும் இருக்கும். அந்த நிரல் 'ஆக்டிவ்' என்று குறியிட்ட பார்ட்டிஷனைத் தேடி, அதன் பூட் செக்டரிடம் கோலைக் கொடுக்கும். பூட் செக்டர் கெர்னல்.சிஸ் கோப்பைத் தேடி ஏற்றும். கெர்னல் எழுந்து எஃப்டிகான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பைப் படித்து, கடைசியில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கும் கமாண்ட்.காமை எழுப்பும்.

இப்போது திரையைப் பாருங்கள். பூட் செய்ய எதுவுமே இல்லை என்று பயாஸ் சொன்னால், அதற்கு டிஸ்கே கிடைக்கவில்லை அல்லது கிடைத்த டிஸ்கில் எம்பிஆர் சரியில்லை. 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்', 'இன்வாலிட் பார்ட்டிஷன் டேபிள்' என்று வந்தால் எம்பிஆர் ஓடிவிட்டது, அடுத்த ஆளிடம் கோல் போகவில்லை. 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்றால் பூட் செக்டர் ஓடியது, ஆனால் அது டாஸின் பூட் செக்டர் இல்லை, அல்லது கோப்புகள் இல்லை. 'ஃப்ரீடாஸ்' என்ற சொல் மட்டும் வந்து பிழை காட்டினால் பூட் செக்டர் சரிதான், கெர்னலைப் படிக்க முடியவில்லை. கெர்னலின் பதிப்பு எண்ணும் உரிமக் குறிப்பும் வந்த பிறகு நின்றால், டிஸ்க், எம்பிஆர் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கோளாறு கான்ஃபிக் கோப்பில்தான் இருக்கிறது.

போனில் என்னிடம் கேட்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். திரையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. இறக்குற இடத்துல ஆறு ஃபைல் இருக்கு. எது வேணும்?

பென்டிரைவில் பூட் ஆகும் கணினி என்றால் 'ஃபுல்யூஎஸ்பி'. வெறும் டாஸ் போதும், கூடுதல் நிரல்கள் வேண்டாம் என்றால் 'லைட்யூஎஸ்பி'. சிடி மட்டும்தான் உண்டு என்றால் 'லைவ்சிடி'. சில பழைய கணினிகள் அந்த சிடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவற்றுக்காகவே 'லெகசிசிடி' இருக்கிறது. 'போனஸ்சிடி' பூட் ஆகாது. அதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் போராடியவர் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

386க்கு முந்தைய கணினி, அல்லது ஃப்ளாப்பி மட்டுமே உள்ள கணினி என்றால் 'ஃப்ளாப்பி எடிஷன்'.

6. அண்ணா, பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன், பூட்டே ஆகல.

காப்பி செய்ததுதான் தப்பு. இறக்கிய கோப்பு ஒரு முழு டிஸ்கின் அச்சு. எம்பிஆர், பார்ட்டிஷன் பட்டியல், பூட் செக்டர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதை எடுத்து பென்டிரைவில் ஒரு கோப்பாக வைத்தால், பென்டிரைவின் முதல் செக்டரில் பழைய சரக்குதான் இருக்கும். பயாஸ் படிப்பது முதல் செக்டரை. விண்டோஸில் ரூஃபஸ் போன்ற நிரலைத் திறந்து, இறக்கிய கோப்பைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். லினக்ஸில் டிடி கட்டளை போதும், எந்த டிஸ்கில் எழுதுகிறோம் என்பதை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். ரூஃபஸுக்குள்ளேயே 'ஃப்ரீடாஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கெர்னலும் கமாண்ட்.காமும் இன்னும் சிலதும் உள்ள பூட் டிஸ்க் கிடைக்கும். பயாஸைப் புதுப்பிக்க அது போதும். இன்ஸ்டாலர் அதில் இருக்காது, 'செட்டப் எங்கே?' என்று தேடாதீர்கள்.

7. சரியாத்தான் எழுதினேன். ஆனா பயாஸ் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது.

2000களின் பயாஸ்களில் யூஎஸ்பி பூட்டுக்கு மூன்று பெயர்கள் இருக்கும்: யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-எச்டிடி. இந்த அச்சுக்கு எச்டிடிதான் பொருத்தம். சில பயாஸ்களில் அப்படி ஒரு வரியே இருக்காது. பென்டிரைவைச் செருகிவிட்டு உள்ளே போய், 'ஹார்ட் டிஸ்க் வரிசை' என்ற இடத்தில் பென்டிரைவை மேலே ஏற்ற வேண்டும். கணினி ஓடும்போது செருகினால் தெரியாது, அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

புதிதாக இருக்கும் கணினி என்றால் 'ஃபாஸ்ட் பூட்'டை அணையுங்கள். அது நேரத்தை மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைப் பார்க்காமலே போய்விடும். நீல நிறத் துளையை விட்டுவிட்டுக் கறுப்புத் துளையில், அதாவது யூஎஸ்பி 2இல் செருகிப் பாருங்கள். யூஎஸ்பியிலிருந்து எழவே தெரியாத பழைய கணினி என்றால், பிளாப் என்ற பூட் மேனேஜரை ஃப்ளாப்பியிலோ சிடியிலோ எழுதி எழுப்பினால், அது பென்டிரைவை எழுப்பிக் கொடுக்கும்.

8. மெனு வருது. அம்புக்குறியை அமுக்குனா ஒண்ணுமே நடக்கல.

யூஎஸ்பி கீபோர்டுதானே? டாஸுக்கு யூஎஸ்பி என்றால் என்ன என்றே தெரியாது. பயாஸ்தான் அந்த கீபோர்டைப் பழைய வகை கீபோர்டு மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். பயாஸில் 'யூஎஸ்பி லெகசி சப்போர்ட்' அல்லது 'யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' என்ற வரியை இயக்குங்கள். அந்த பயாஸுக்குள் போகவே கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால், ஊதா நிற பிஎஸ்/2 துளையில் மாட்டும் பழைய கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். டாஸ் கணினி வைத்திருப்பவர் வீட்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

9. சிடில இருந்துதான் பூட் ஆச்சு. அப்புறம் அதே சிடியைக் காணோம்னு சொல்லுது. இது என்ன கூத்து?

கேட்க அபத்தமாகத்தான் இருக்கும். சிடியிலிருந்து எழுப்பியது பயாஸ். எழுந்த பிறகு சிடியைப் படிக்க டாஸுக்குத் தனி டிரைவர் வேண்டும். ஃப்ரீடாஸில் வரும் யூடிவிடி2 டிரைவர், சிடி டிரைவ் ஐடிஇ என்ற பழைய முறையில் இருக்கும் என்று நினைத்துத் தேடும். உங்கள் மதர்போர்டில் சாட்டா துளைகள் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் இருந்தால் அதன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பயாஸில் சாட்டா முறையை 'ஐடிஇ' அல்லது 'கம்பாட்டிபிள்' என்று மாற்றுங்கள். அதே டிஸ்கில் விண்டோஸ் இருந்தால் அது எழாமல் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதை டாஸ் பயாஸ் வழியாகவே படிக்கிறது, ஏஎச்சிஐயாக இருந்தாலும் கவலை இல்லை. அதனால் பென்டிரைவில் எழ முடிந்த கணினி என்றால் சிடியை விட்டுவிட்டு பென்டிரைவையே எடுங்கள்.

10. இன்ஸ்டாலர் பார்ட்டிஷன் போடச் சொல்லுது, போட்டேன், ரீபூட் ஆச்சு, திரும்ப முதல்ல இருந்தே ஆரம்பிக்குது.

அது அப்படித்தான். டாஸ் பார்ட்டிஷன் பட்டியலை எழும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கும். எஃப்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் போடும் நிரலில் புதிதாக ஒன்று போட்டால், மறுபடி எழுந்தால்தான் அதற்கு அந்த டிரைவ் தெரியும். எனவே முதல் சுற்றில் பார்ட்டிஷன், ரீபூட், மறுபடியும் அதே பென்டிரைவிலோ சிடியிலோ எழுந்து, இரண்டாம் சுற்றில் ஃபார்மேட்டும் இன்ஸ்டாலும். முதல் சுற்று முடிந்ததும் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு 'பூட் ஆகல' என்று எனக்கு போன் செய்பவர்கள் நிறைய.

எஃப்டிஸ்க் தொடக்கத்தில் பெரிய டிஸ்குக்கான ஃபேட்32 வேண்டுமா என்று கேட்கும். 2 ஜிபிக்கு மேற்பட்ட பார்ட்டிஷன் வேண்டுமென்றால் 'ஒய்'. இரண்டாம் சுற்றிலும் அதே 'பார்ட்டிஷன் இல்லை' என்ற புகார் வந்தால், போட்டது எழுதப்படவில்லை என்று அர்த்தம். 12ஆம் கேள்வியைப் பாருங்கள்.

11. சி: டிரைவை ஃபார்மேட் பண்ணேன். பென்டிரைவ் அழிஞ்சு போச்சு!

நானும் செய்திருக்கிறேன். பென்டிரைவிலிருந்து எழுந்தால், பயாஸ் அதையே முதல் ஹார்ட் டிஸ்க் என்று டாஸிடம் சொல்லும். அப்போது பென்டிரைவ்தான் சி:, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் டி: அல்லது அதற்கும் பிறகு. பென்டிரைவைக் கழற்றிவிட்டு எழுந்தால் ஹார்ட் டிஸ்க் மறுபடி சி: ஆகிவிடும்.

கெர்னல் எழும்போது ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் ஒரு வரி காட்டும்: 'சி:' பக்கத்தில் 'எச்டி1' என்று டிஸ்க் எண், அப்புறம் பார்ட்டிஷன், அப்புறம் அளவு. அந்த அளவைப் பாருங்கள். எந்த எழுத்து எந்த டிஸ்க் என்பதில் சந்தேகமே இருக்காது. அந்த வரிகள் படிப்பதற்குள் ஓடி மறைந்துவிட்டால் எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு அடியாக நிறுத்தி எழுப்பலாம். முக்கியமான தகவல் உள்ள வேறு டிஸ்க் கணினிக்குள் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. எழுத்தைச் சரியாகப் படித்துக்கொள்வேன் என்று நம்பிக்கையோடு இருந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்.

12. எஃப்டிஸ்க்ல டிஸ்க் முழுக்க ஒரே பார்ட்டிஷன் காட்டுது, என்ன வகைன்னே தெரியல. அழிச்சாலும் உருப்படல.

அந்த டிஸ்க் முன்பு ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருந்தது. ஜிபிடி டிஸ்கின் முதல் செக்டரில், பழைய நிரல்கள் கைவைக்காமல் இருப்பதற்காக 'முழு டிஸ்கும் எடுத்தாகிவிட்டது' என்று ஒரு பொய்ப் பார்ட்டிஷன் போட்டு வைத்திருப்பார்கள். எஃப்டிஸ்க் பார்ப்பது அதைத்தான். டிஸ்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டி, டிஸ்க்பார்ட் நிரலில் அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' கொடுங்கள். டிஸ்கில் இருப்பதெல்லாம் போய்விடும். அப்புறம் டாஸுக்குக் கொண்டுவந்து எஃப்டிஸ்கில் புதிதாகப் போடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். எம்பிஆர் பட்டியலால் 2 டிபிக்கு மேல் கணக்கு வைக்க முடியாது. செக்டர் அளவு 4096 பைட் என்றே வெளியிலும் காட்டும் டிஸ்க் டாஸுக்கு ஆகாது. உள்ளே 4096 இருந்தாலும் வெளியில் 512 என்று காட்டும் டிஸ்க் ஓடும். எப்படியிருந்தாலும் டாஸுக்கு எதற்கு 500 ஜிபி? தொடக்கத்தில் ஒரு 2 ஜிபி பார்ட்டிஷன் போடுங்கள். அதிலேயே இடம் மிஞ்சும்.

13. இன்ஸ்டால் வெற்றிகரமா முடிஞ்சதுன்னு சொல்லிச்சு. பென்டிரைவை எடுத்தா 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. சில நேரம் வெறும் கோடு மட்டும் மின்னுது.

4ஆம் கேள்வியில் சொன்ன தொடர் ஓட்டத்தில் கோல் கீழே விழுந்திருக்கிறது. பென்டிரைவிலேயே மறுபடி எழுந்து, மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் எஃப்டிஸ்கைத் திறந்து ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் 'ஆக்டிவ்' என்று குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான். குறியிட்டதும் எழுந்துவிடும்.

அது சரியாக இருந்தால் எம்பிஆர் நிரல். அந்த டிஸ்கில் முன்பு லினக்ஸ் இருந்திருந்தால் லினக்ஸை எழுப்பும் கிரப் நிரலின் மிச்சம் அங்கே உட்கார்ந்திருக்கும்; டிஸ்க்பார்ட்டில் துடைத்த டிஸ்க் என்றால் அங்கே ஒன்றுமே இருக்காது, கோடு மட்டும் மின்னும். 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கட்டளை அந்த நிரலைப் புதிதாக எழுதும். எந்த டிஸ்கில் எழுதுகிறது என்பதற்கு எண் கொடுக்க வேண்டும், ஏனென்றால் 1 என்பது இப்போது பென்டிரைவ். மூன்றாவது பூட் செக்டர். 'சிஸ் டி:' என்று கொடுத்தால் பூட் செக்டரை எழுதி, கெர்னல்.சிஸ், கமாண்ட்.காம் இரண்டையும் போட்டுவிடும். டி: ஏன் என்று கேட்டால் 11ஆம் கேள்விக்குப் போங்கள்.

14. 'பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்பிரட்டர்'னு வந்து, ஏதோ டைப் பண்ணச் சொல்லி நிக்குது.

இது நல்ல சகுனம். கெர்னல் வரை வந்துவிட்டீர்கள். எஃப்டிகான்ஃபிக்.சிஸ் கோப்பில் 'ஷெல்' என்று தொடங்கும் வரி இருக்கும். அதில் எழுதியிருக்கும் பாதையில் கமாண்ட்.காம் இல்லை, அவ்வளவுதான். கோப்புறையின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது கோப்புகளை வேறு கணினியிலிருந்து காப்பி செய்திருப்பீர்கள். நிற்கும் இடத்தில் 'சி:\கமாண்ட்.காம்' என்று தட்டினால் பெரும்பாலும் உள்ளே விடும். பிறகு எடிட் நிரலில் அந்த வரியைத் திருத்துங்கள்.

கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திருத்திவிட்டு 'ஒண்ணும் மாறலையே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்டிகான்ஃபிக்.சிஸ் இருக்கும்போது ஃப்ரீடாஸ் கான்ஃபிக்.சிஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

15. மெனுல முதல் தேர்வைக் கொடுத்தா 'இன்வாலிட் ஆப்கோட்'னு எண்ணா ஓடுது, இல்லன்னா அப்படியே உறைஞ்சு போகுது.

நினைவக மேலாளரின் வேலை. 640 கேபிக்கு மேல் உள்ள பகுதியில் காலியாகத் தெரியும் இடங்களை ஜெம்எக்ஸ் போன்றவை எடுத்துப் பயன்படுத்தும். அது காலி என்று நினைத்த இடத்தில் நெட்வொர்க் கார்டோ பயாஸோ எதையாவது வைத்திருந்தால் கதை முடிந்தது. மெனுவில் கீழே இருக்கும் பாதுகாப்பு முறையிலோ, டிரைவர்களே இல்லாத அவசர முறையிலோ எழுப்பிப் பாருங்கள். மெனுவே வேண்டாமென்றால் தொடக்கத்தில் எஃப்5. கான்ஃபிக் கோப்பையே தாண்டிவிடும்.

அப்படி எழுந்தால் பழி உறுதி. கான்ஃபிக் கோப்பில் ஜெம்எக்ஸ் வரியை எடுத்துவிட்டு ஹைமெம்எக்ஸ் மட்டும் வையுங்கள். 640 கேபிக்குள் இருக்கும் கீழ் நினைவகம் கொஞ்சம் குறையும். பில் போடும் நிரலுக்கு அது தெரியக்கூடத் தெரியாது; பெரிய விளையாட்டுகள் சில முனகும்.

16. 486 ஒண்ணு கிடைச்சுது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஹார்ட் டிஸ்க் இல்லேங்குது.

பேட்டரி போய்விட்டது. அந்தக் காலத்து பயாஸ் டிஸ்கைத் தானாகக் கண்டுபிடிக்காது. சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கையை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அதெல்லாம் மறந்துவிடும். டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அந்த மூன்று எண்களும் இருக்கும். பல பயாஸ்களில் 'டைப் 47' என்பதைத் தேர்ந்தெடுத்து அவற்றைக் கைப்பட நிரப்பலாம். கொஞ்சம் பிந்தைய 486களில் டிஸ்கைத் தேடித் தரும் தேர்வு தனியாக இருக்கும்.

அதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டில் பீப்பாய் மாதிரி நீலமாக ஒரு பேட்டரி ஒட்டவைத்திருந்தால், அது ரீசார்ஜ் ஆகும் நிக்கல்-காட்மியம் வகை. அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளைத் தின்னும். பச்சை பூத்திருந்தால் இன்றே வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்டுத் துடைத்து, தண்ணீரால் கழுவி நன்றாக உலர வையுங்கள். பூட் பிரச்சினையெல்லாம் அப்புறம். நான் பார்த்த செத்த 386, 486 போர்டுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது இந்தப் பேட்டரிதான்.

17. ஃப்ளாப்பி டிரைவ் லைட் அணையவே மாட்டேங்குது. டிஸ்கும் படிக்கல.

கேபிள் தலைகீழ். ஒரு முனையைத் திருப்பி மாட்டுங்கள். சிவப்புக் கோடு டிரைவின் முதல் பின் பக்கம் வர வேண்டும். 34 கம்பி கேபிளின் நடுவில் சில கம்பிகள் முறுக்கியிருக்கும். முறுக்குக்குப் பிறகு வரும் முனையில் மாட்டுவதுதான் ஏ:.

லைட் சரியாக அணைந்து எரிந்தும் படிக்கவில்லை என்றால் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். இப்போது கிடைக்கும் ஃப்ளாப்பிகள் எல்லாமே வயதானவை. பத்தில் நாலைந்து தேறினால் அதிர்ஷ்டம். அடிக்கடி தேவைப்படும் என்றால் 'கோடெக்' என்ற கருவியை வாங்குங்கள். ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு பென்டிரைவிலிருந்து அச்சுகளைக் கொடுக்கும்.

18. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா சிஎஃப் கார்டு போட்டேன். புது கணினில ஃப்ரீடாஸ் ஏத்தி, பழசுல மாட்டுனா எழ மாட்டேங்குது.

யோசனை நல்லது. சிஎஃப், அதாவது காம்பாக்ட் ஃப்ளாஷ் நினைவக அட்டை, ஐடிஇ மொழியை நேரடியாகப் பேசும், ஒரு மாற்றி அட்டை போதும், சத்தமும் கிடையாது. தப்பு, வேறு கணினியில் ஏற்றியதில். பழைய பயாஸ் டிஸ்கில் ஓர் இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் குறிக்கும். ஒரே கார்டை ஒரு கணினி 16 ஹெட் என்று கணக்குப் போடும், இன்னொன்று 255 என்று போடும். பார்ட்டிஷன் பட்டியலிலும் பூட் செக்டரிலும் எழுதியிருப்பது முதல் கணினியின் கணக்கு. இரண்டாவது கணினி அதே எண்களை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் போய்த் தேடுகிறது. தெரு பெயரும் கதவு எண்ணும் சரிதான், ஊர்தான் வேறு.

கார்டைப் பழைய கணினியிலேயே மாட்டி, அதன் ஃப்ளாப்பியிலிருந்து எழுந்து, எஃப்டிஸ்க், ரீபூட், ஃபார்மேட், சிஸ் நான்கையும் அங்கேயே செய்யுங்கள். முன்பு வேறிடத்தில் பயன்படுத்திய கார்டு என்றால் முதலில் முழுக்கத் துடைத்துவிடுங்கள். அந்த பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரை மட்டுமே எண்ணும் ரகம் என்றால் 504 எம்பிக்கு மேல் தெரியாது. 8 ஜிபி கார்டு போட்டுவிட்டு மிச்சம் எங்கே என்று தேடுவதில் பலன் இல்லை. முழுதும் வேண்டுமென்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு சிப்பில் எழுதி, பூட் ரோம் துளை உள்ள பழைய நெட்வொர்க் கார்டில் செருகிப் போடுவார்கள். சிப் எழுதும் கருவி உள்ள நண்பர் ஒருவர் வேண்டும்.

19. அதே டிஸ்க்ல விண்டோஸும் இருக்கட்டும், டாஸும் இருக்கட்டும். செய்யலாமா?

செய்யலாம், நான் செய்ய மாட்டேன். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை டாஸுக்குத் தெரியாது. விண்டோஸ் பார்ட்டிஷன் அதன் கண்ணில் படாததால், இருக்கிற முதல் ஃபேட் பார்ட்டிஷனைச் சி: என்று எடுத்துக்கொள்ளும். 13ஆம் கேள்வியில் சொன்ன எம்பிஆர் வைத்தியத்தை யோசிக்காமல் செய்தால் பூட் மேனேஜர் போய்விடும். தனியாக ஒரு சின்ன டிஸ்க் போட்டு, பயாஸின் பூட் மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

20. எல்லாம் சரியா ஏறிடுச்சு சார். ஆனா எங்க பில்லிங் நிரலைத் திறந்த உடனே 'ரன்டைம் எரர் 200'. டாஸ் சரியில்லையா?

டாஸின் மேல் குற்றம் இல்லை. கணினி வேகமாக இருப்பதுதான் குற்றம். போர்லாண்டின் டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் தொடங்கும்போது, ஒரு கடிகாரத் துடிப்புக்குள் எத்தனை முறை சுற்றி வர முடிகிறது என்று எண்ணிப் பார்க்கும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட அது தேவை. அந்த எண்ணிக்கையை 55ஆல் வகுக்கும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் எண்ணிக்கை மிகப் பெரிதாகி, வகுத்து வரும் விடை கொடுத்த இடத்தில் அடங்காது. சிப் அதையும் பூஜ்யத்தால் வகுத்த பிழையாகவே அறிவிக்கும், எண் 200.

நிரலின் ஈஎக்ஸ்ஈ கோப்பில் அந்த இடத்தைத் தேடித் திருத்தும் சிறு நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மூலக் கோப்பைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துவிட்டு, பிரதியில் முயலுங்கள். நிரலை எழுதியவர் இன்னும் தொடர்பில் இருந்தால், இந்தக் கணக்கைப் போடும் சிஆர்டி யூனிட்டின் திருத்திய வடிவத்தோடு மறுபடி கம்பைல் செய்து தரச் சொல்வது அதைவிட நல்லது. ஒரு பட்டறைக்காரருக்காக இதைச் சரிசெய்யப் போனபோது, அவர் அதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். பயாஸில் சிபியூ கேஷை அணைத்து வைத்திருந்தார். கணினி ஆமையாகிவிட்டது, பில் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான் எதையும் தொடாமல் திரும்பி வந்துவிட்டேன்.